ஐந்தில் மூன்று

ஒட்டுசுட்டான் ஆசுபத்திரியில்
செவ்வாய்தோறும் இடுப்பளப்பது என் வேலை.
விலாவுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே.
மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும்.
எல்லோரும் இழுத்துப் பிடிப்பார்கள்.
பரராசசிங்கத்தார் மட்டும் பிடிக்கமாட்டார்:
"உள்ளதை எழுது பிள்ளை.
காணி அளக்க வந்தவனுக்கே நான் பொய் சொல்லேல்லை."
நூற்றிரண்டு.

ஆணுக்குத் தொண்ணூறு, பெண்ணுக்கு எண்பது.
தாண்டினால் ஒரு புள்ளடி.
பிரஷருக்கு ஒன்று. வெறுவயிற்றுச் சீனிக்கு ஒன்று.
இரத்தத்தில் கொழுப்புக் கூடினால் ஒன்று,
நல்ல கொழுப்புக் குறைந்தால் இன்னொன்று.
ஐந்தில் மூன்று விழுந்தால்
பெயரின் கீழே சிவப்புக் கோடு.
தேர்தலில்கூட இந்த ஊர்
இத்தனை புள்ளடி போட்டதில்லை.

முதல் கொப்பி, மீளக் குடியேறிய பிறகு தொடங்கியது.
எண்பது பக்கம், அட்டையில் ஏதோ தொண்டு நிறுவனத்தின் படம்.
பத்துப் பேருக்கு ஒரு கோடு.
அந்த ஒருவரும் கொழும்பிலிருந்து திரும்பிய பென்சன்காரர்.
அது அங்கே பிடித்தது என்று நம்பினோம்.
இரண்டாவது கொப்பியில் நாலுக்கு ஒன்று.
இது மூன்றாவது, தடித்த சீ.ஆர். கொப்பி.
போன செவ்வாய் இருபத்தேழு பேர், பன்னிரண்டு கோடு.
இப்போதெல்லாம் நீலப் பேனைக்கு முன்
சிவப்புப் பேனை முடிகிறது.

இடையில் என்ன நடந்தது?
ஒன்றும் நடக்கவில்லை.
காப்பெட் றோட்டு வந்தது. தவணைக்கு ஸ்கூட்டி வந்தது.
பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டபடி
முத்தையன்கட்டு இடதுகரை வரைக்கும் போனது.
அரிவாளை வெட்டு மெசின் வாங்கிக்கொண்டது.
குழுக்கடனுக்குக் கையெழுத்து வைத்தவர்களிடமிருந்து
நித்திரை போனது.
இவற்றில் எதன் கீழே நான் கோடு போடுவது?

ஒரு நாளைக்கு முப்பது நிமிடம் நடவுங்கோ என்றார் டொக்டர்.
தவமலர் கேட்டாள்:
"அந்த வருசம் மாங்குளத்தில இருந்து கடல்மட்டும் நடந்தனாங்கள்.
அதில கொஞ்சத்தைக் கழிச்சு விடேலாதோ?"
வரிசை முழுக்கச் சிரித்தது.
டொக்டர் புதிது. எதற்குச் சிரிப்பென்று என்னைப் பார்த்தார்.
நான் மருந்துத் துண்டைப் பார்த்தேன்.

கயிலாயநாதன் தராசில் ஏறுமுன் நிற்கிறார்.
"காலோடையோ, கழட்டிப்போட்டோ?"
சுற்றறிக்கையில் அதற்கு விடை இல்லை.
இரண்டையும் எழுதுகிறேன்.
வித்தியாசம் இரண்டரைக் கிலோ.

இன்றைக்கு ஒரு பெடியன்.
யாருக்கோ மருந்தெடுக்க வந்தவன்,
உடம்பைப் பார்த்து நான்தான் பிடித்து இருத்தினேன்.
பெயர் சொன்னான். தாயின் பெயரும் சொன்னான்.
எழுதிய கை நின்றது.

செட்டிகுளத்தில், வெள்ளைக் கூடாரங்களுக்கு நடுவில்
என்னிடம் வேறொரு நாடா இருந்தது.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
பிள்ளையின் மேற்கையைச் சுற்றி இழுத்து
நிற்கும் நிறத்தை எழுத வேண்டும்.
நாலு வயது நிரோயன் சிவப்பில் நின்றான்.
அடுத்து நின்ற மஞ்சள் பிள்ளையின் தாய்
"இன்னும் கொஞ்சம் இறுக்குங்கோ" என்றாள்.
சிவப்புக்குத்தான் கடலைப் பசைப் பைக்கற்.

பட்டினி கிடந்த உடம்பு மறக்காதாம்.
கிடைப்பதையெல்லாம் பதுக்குமாம், நாளைக்கென்று.
பயிற்சிப் பட்டறையில் படம் போட்டுக் காட்டினார்கள்.
நான் அப்போது
மதியச் சாப்பாட்டுப் பார்சலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு ஒன்றும் நினைவில்லை.
போனைப் பார்த்தபடி கையை நீட்டுகிறான்,
அதே இடது கை.
பிரஷர் பட்டியைச் சுற்றுகிறேன். ஒட்டவில்லை.
மறுபடி இழுக்கிறேன்.
முனை முனையைத் தொடமாட்டேன் என்கிறது.
"என்ன மிஸ், பழுதோ?"

பெரிய பட்டி வாட்டு அலுமாரிக்குள்.
திறப்பு மேற்றனிடம்.
அவர் வரும்வரை கொப்பியைப் பார்க்கிறேன்:
நான் கீறிய வயதுக் கட்டங்கள்
முப்பத்தைந்தில் தொடங்குகின்றன.
அதற்கு மேலே, தலைப்புக்குக் கீழே,
ஒரு விரல் அகலம் வெள்ளையாகக் கிடக்கிறது.